முதல் திருமணச் சான்று

2025 மார்ச் 6ஆம் தேதி, பார்த்திபன் என்பவருக்கும் பிரபா என்பவருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன் அச்சரப்பாக்கத்தில் நடந்த திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது என்று செங்கல்பட்டு நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணையின் நகல் கைக்கு வர மேலும் சில வாரங்கள் ஆயின. அதை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபோது, பிரபாவின் அப்பா கண்ணாயிரம் வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார். அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர். எப்போதும் கடைக்கு வெளியே நிற்கிற ஆளிடம் பேசுவதுபோலத்தான் போனிலும் பேசுவார்.

"வசந்தா, முடிஞ்சி போச்சு. கல்யாணம் கேன்சல்."

பக்கத்தில் நின்ற வழக்கறிஞர் சாவித்ரி திரும்பிப் பார்த்தார். "கேன்சல்னு சொல்லாதீங்கோ. பஸ் டிக்கெட்டை கேன்சல் பண்ணினா, டிக்கெட் ஒண்ணு இருந்துதுன்னு அர்த்தம். டைவர்ஸும் அப்படித்தான். கல்யாணம் இருந்துது, இனிமே இல்லே. இது அன்னல்மென்ட். டிக்கெட்டே எடுக்கலேன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு."

கண்ணாயிரம் போனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்ப பஸ்ஸுல ஏறி உக்காந்துகினு போனது மேடம்?"

"அந்த சீட்டு ஏற்கெனவே வேற ஒருத்தி பேர்ல இருந்துது."

பிரபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வழக்கு தொடங்கியதிலிருந்து நீதிமன்ற வாசலில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிரபா சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்தாள். பார்த்திபனும் அதே சாலையில் வேறு ஒரு நிறுவனத்தில் இருந்தான். தரகர் மூலம் வந்த இடம். மேல்மருவத்தூரில் பெண் பார்த்து, அச்சரப்பாக்கத்தில் மண்டபம் பிடித்து, ஊரையே கூப்பிட்டுச் செய்த கல்யாணம். கேளம்பாக்கத்தில் வாடகை வீட்டில் ஐந்து மாதம் இருந்தார்கள். ஒரு நாள் பார்த்திபன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. பிரபா எடுத்தாள். எங்கோ தெற்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் பேசினார். குழந்தைக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசி இன்னும் போடவில்லை, வீட்டில் அம்மா போன் எடுக்கவில்லை, அப்பா எண் இதுதான் கொடுத்திருந்தார்கள் என்றார். பிரபா அன்று மாலையே அச்சரப்பாக்கம் பஸ் ஏறிவிட்டாள்.

பார்த்திபன் வீட்டார் மறுக்கவில்லை. பெரியவர்கள் இருவர் வந்து, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும் என்றார்கள். வசந்தாவுக்கு அது சரியாகப் பட்டது. பிரபா ஒத்துக்கொள்ளவில்லை.

"டைவர்ஸ் கேக்கணும்னா அவன் எனக்குப் புருஷன்னு மொதல்ல ஒத்துக்கணும்மா. அவன் இன்னொருத்தி புருஷன். நான் எதுக்கு ஒத்துக்கணும்?"

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதாண்டி."

"எனக்கு இல்ல."

முதல் மனைவியைச் சாட்சியாக வரவழைக்க வேண்டியிருந்தது. அவள் மூன்று வாய்தாவுக்கு வரவில்லை. வந்த அன்றைக்கு நீதிபதி விடுப்பு. இப்படி இரண்டரை ஆண்டு போனது. பிரபா தன் விடுமுறை நாள்களை எல்லாம் செங்கல்பட்டில் கழித்தாள். அலுவலகத்தில் ஊட்டி, கொடைக்கானல் என்று படம் போட்டார்கள். இவளை எங்கே போனாய் என்று கேட்டால் சொந்த வேலை என்பாள்.

ஆணை வந்த பிறகு திருமணத் தகவல் செயலி ஒன்றில் பதிந்தாள். தற்போதைய நிலை என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் கடைசியாக அன்னல்டு என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். வந்த செய்திகளில் பாதி அந்தச் சொல்லைப் பற்றியே இருந்தன. லீகலா பிரிஞ்சிட்டீங்களா, இன்னும் கேஸ் நடக்குதா என்று சிலர் கேட்டார்கள். உடம்பில் ஏதாவது குறையா என்று ஒருவர் கேட்டார். குறை உங்களுக்கா அவருக்கா என்று அவரே அடுத்த செய்தியில் தெளிவுபடுத்திக் கேட்டார்.

ஆனந்தன் செய்தி அனுப்பவில்லை, போன் செய்தான். நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தப் பணியாளன்.

"அன்னல்டுன்னு போட்டுகீறீங்க. எனக்குப் புரியல. ஒரே வரியில சொல்லுங்க."

"அவனுக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருந்தா."

"போதும்," என்றான் ஆனந்தன். பிறகு, "உங்களுக்கு ஷிப்டு எப்ப முடியும்?" என்று கேட்டான்.

அவனுக்கு அம்மா மட்டும்தான். பெயர் ஜெகதாம்பாள். பிரபாவைப் பார்த்து, பிடித்து, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கடற்கரைச் சாலையில் உள்ள பெருமாள் கோயிலில்தான் கல்யாணம். ஆனந்தனுக்கு வரன் தள்ளித் தள்ளிப் போனபோது அங்கேதான் வேண்டிக்கொண்டாராம். "மண்டபம் கிண்டபம் எதுவும் வாணாம். அந்த சன்னதியில தாலி ஏறணும். அவ்ளோதான் நான் கேக்கறது," என்றார். மண்டபம் வேண்டாம் என்றதும் கண்ணாயிரத்துக்கு முகம் தெளிந்தது. ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, ஆவணி முகூர்த்தம் என்று குறித்தார்கள்.

ஜூலையில் ஆனந்தனும் பிரபாவும் கோயில் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த எழுத்தர் தேவையான சான்றுகளைச் சொன்னார். வயதுக்கும் முகவரிக்கும் ஆதார். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் சான்று. மறுமணமாக இருந்தால் அதற்குப் பதில் விவாகரத்து ஆணை, இல்லையென்றால் முதல் கணவர் இறப்புச் சான்று. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாம் வந்துவிட வேண்டும்.

பிரபா ஆணையை எடுத்துக் காட்டினாள். எழுத்தர் முதல் பக்கத்தைப் பார்த்தார். "கோர்ட் ஆர்டர் இருக்கே. அப்ப மறுமணம்தானே?"

"இது டைவர்ஸ் ஆர்டர் இல்ல சார். அந்தக் கல்யாணம் சட்டப்படி நடக்கவே இல்லைன்னு ஆர்டர்."

"நடக்கலைன்னா முதல் திருமணம். வி.ஏ.ஓ. கிட்ட வாங்கிட்டு வந்துடுங்க," என்றார் எழுத்தர். அவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை.

பிரபாவின் ஊர் அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஏரியை ஒட்டி இருந்தது. அங்கே கிராம நிர்வாக அலுவலராக மணி என்பவர் ஆறு ஆண்டாக இருந்தார். ஊரில் எல்லா வீட்டு நல்லது கெட்டதுக்கும் வருபவர். சிட்டா, வாரிசு எதற்கும் யாரையும் அலைய விட்டதில்லை என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு. கண்ணாயிரமும் பிரபாவும் போனபோது நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். ஆணையை முழுக்கப் படித்தார். அந்த ஆணையை முழுக்கப் படித்த அலுவலர் அவர் ஒருவர்தான்.

"படுபாவி," என்றார். "நல்லா இருப்பானா அவன். கண்ணாயிரம்ணா, பொண்ணு விசயத்துல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இதுல இன்னா எழுதிக் குடுக்கணும்னு கீதுன்னு நீயே பாரு."

சான்றின் நமூனா படிவத்தைத் திருப்பிக் காட்டினார். என் நேரடி விசாரணையில் மேற்படியாருக்கு இதற்கு முன் திருமணம் ஏதும் நடைபெறவில்லை எனத் தெரியவருகிறது என்று அச்சிட்டிருந்தது.

"நேரடி விசாரணை. நான் நேரடியா வந்து சாப்ட்டுட்டு போனேனே."

"சட்டப்படி அது கல்யாணமே இல்ல சார்," என்றாள் பிரபா.

"சட்டப்படி இல்லம்மா. பந்தியில இருந்துச்சே. வடை பிரமாதம்னு உங்க நைனா கையப் புடிச்சி சொல்லிட்டுப் போனேன். மொய் நோட்டுல என் பேரு கீது. நாளைக்கு எவனாவது ஒருத்தன் தகவல் சட்டத்துல கேட்டா இன்னா சொல்றது? பொய் சான்று குடுத்தேன்னு ஆவும்."

"வடைக்கு சர்டிபிகேட் கேக்கல சார் நானு."

கண்ணாயிரம் மகளின் முழங்கையைத் தொட்டார். மணி கோபித்துக்கொள்ளவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சட்டப்படி செல்லத்தக்க திருமணம் எதுவும் நடக்கலைன்னு எழுதுங்க சார். ரெண்டு வார்த்தை கூட," என்றாள் பிரபா. "அது உண்மைதானே?"

"உண்மைதான். நமூனாவுல வார்த்தை சேக்க எனக்கு அதிகாரம் இல்லியே. மேல கேட்டுகினு வா. அவங்க எழுதிக் குடுத்தா நான் கண்ண மூடிகினு போட்டுடறேன்."

மேலே என்றால் வட்டாட்சியர் அலுவலகம். அங்கே மூன்றாவது தடவை போனபோதுதான் உரியவர் இருந்தார். திருமணமாகாதவர் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள் என்றார். இ-சேவை மையத்தில் இருந்த ஷபானா என்ற பெண் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, "அக்கா, இந்தக் கோர்ட் பேப்பர எதுலக்கா சேக்கறது?" என்று கேட்டாள். இதர ஆவணங்கள் என்ற இடத்தில் சேர்த்தார்கள். பத்து நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. கள விசாரணை அறிக்கை பெறப்படவில்லை என்று காரணம். கள விசாரணை செய்ய வேண்டியவர் மணி. மணிக்கு மேலிடத்துக் கடிதம் வேண்டும். மேலிடம் மணியின் அறிக்கையைக் கேட்டது. பிரபா இதை ஒரு தாளில் வட்டம் போட்டுப் பார்த்தாள். அவள் வேலையில் இப்படி ஒரு பிழை வந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

"மணி சாரு நல்லவரு. அவர விட்டுட்டு வேற இன்னா பண்றது," என்று கண்ணாயிரம் புலம்பினார். "நாம அவர கூப்டாம இருந்திருக்கணும்."

"ஊரையே கூப்ட்டீங்க நைனா. அவர மட்டும் எப்படி விடுவீங்க?"

ஆகஸ்ட் 21ஆம் தேதி, கோயில் கொடுத்த கெடு நாளில், பிரபாவும் ஆனந்தனும் அவரவர் அம்மாவோடு அங்கே போனார்கள். பிரபா அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். ஆனந்தன் இரவு ஷிப்டு முடித்து அப்படியே வந்திருந்தான். சட்டையில் பம்பு வீட்டு எண்ணெய்க்கறை அப்படியே இருந்தது. வசந்தாவும் ஜெகதாம்பாளும் அலுவலக வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடற்காற்றில் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது.

எழுத்தர் இந்தத் தடவை ஆணையை இரண்டாம் பக்கம் வரை பார்த்தார். "வி.ஏ.ஓ. குடுக்கலையா?"

"குடுக்க மாட்டேங்கறாரு. அந்தக் கல்யாணத்துக்கு அவரே வந்திருந்தாராம்," என்றான் ஆனந்தன்.

"அப்ப கல்யாணம் நடந்திருக்கு."

"நடக்கலைன்னு கோர்ட்டு சொல்லுது சார்," என்றாள் பிரபா. இந்த வாக்கியத்தை அவள் இதற்குள் எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாளோ, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் போயிருந்தது.

"நான் தப்புன்னு சொல்லலையேம்மா. எங்க கிட்ட ரெண்டு விதம்தான் இருக்கு. முதல் திருமணம், மறுமணம். மூணாவதா ஒண்ணு இல்லை. நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. அந்த முதல் சம்பவம் எப்ப, எங்க நடந்தது, எத்தனை மாசம் சேர்ந்து இருந்தீங்க, ஏன் செல்லாதுன்னு ஆச்சு, எல்லாம் விவரமா. நான் மேலிடத்துக்கு அனுப்பி, எப்படிப் பதியறதுன்னு கேட்கறேன்."

"எப்ப பதில் வரும்?"

"அதை நான் எப்படிச் சொல்றது? முகூர்த்தத்துக்குள்ள வராது." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இல்லைன்னா மறுமணம்னு போடுங்க. நிலைங்கிற இடத்துல விவாகரத்துன்னு எழுதுங்க. இந்த ஆர்டரையே இணைச்சிடலாம். கோர்ட்டு சீல் இருக்கு. இப்பவே ரசீது தர்றேன்."

பிரபா வெளியே வந்து சாவித்ரிக்குப் போன் செய்தாள். சாவித்ரி நீதிமன்றத்தில் இருந்தார். குரல் தாழ்ந்து வந்தது. "டைவர்ஸ்னு எழுதாதே. தப்பான தகவல் அது. சான்று தரச் சொல்லி ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம். நிச்சயமா கெடைக்கும்."

"எவ்ளோ நாளாவும் மேடம்?"

"ஆறு மாசம். கொஞ்சம் முன்னபின்ன ஆகலாம். உனக்குத் தெரியாததா."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது பெஞ்சில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா," என்றார் ஜெகதாம்பாள் அவளைப் பார்த்து. "ரெண்டுல எது எழுதினாலும் நீதான பொண்ணு?"

"இதத்தான் சம்மந்தி ரெண்டரை வருசமா நானும் கேட்டுகினு கீறேன்," என்றார் வசந்தா. "அப்பவே ஒரு கையெழுத்த போட்டிருந்தா இன்னேரம் பேரன் பொறந்திருப்பான் உங்களுக்கு."

"அம்மா, நீ சும்மா இரு."

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? உனக்காக உங்க நைனா கடைய மூடிட்டு கோர்ட்டு வாசல்ல நின்னாரு. ஒரு வார்த்தைக்காக. அந்த வார்த்தைய எவனுக்காவது புரிய வெக்க முடிஞ்சிதா உன்னால?"

பிரபா ஆனந்தனைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"நான் இன்னா சொல்றது?" கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "கோர்ட்டுக்குப் போனது நீ. எழுத மாட்டேன்னு சொன்னன்னா வண்டிய எடுக்கறேன், போலாம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சிக்கலாம்."

"ரெஜிஸ்டர் ஆபீசுக்கு நான் வரல," என்றார் ஜெகதாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எப்போது என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "நேத்து இல்ல, மூணு வருசத்துக்கு முந்தி பேசினது இது. அந்தாள் கிட்ட சொல்லிட்டேன். மாத்த முடியாது."

"யாருமா அந்தாளு?" என்றான் ஆனந்தன்.

ஜெகதாம்பாள் சன்னதிப் பக்கம் கையைக் காட்டினார்.

பிரபா உள்ளே போய் எழுத்தரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். ஜன்னல் ஓரமாக நின்றபடியே எழுதத் தொடங்கினாள். ஐயா, வணக்கம். 2022ஆம் ஆண்டு பார்த்திபன் என்பவருடன் எனக்கு அச்சரப்பாக்கத்தில்.

அங்கே நின்றாள். அடுத்த சொல் என்ன போடுவது என்று தெரியவில்லை. திருமணம் நடந்தது என்று எழுதினால் ஆணைக்கு மாறு. நடக்கவில்லை என்று எழுதினால் கடிதத்துக்கே வேலை இல்லை. ஒரு சடங்கு என்று எழுதிப் பார்த்தாள். அடித்தாள். அதற்கடுத்த வரியில் கேளம்பாக்கம் வர வேண்டும். எத்தனை மாதம் என்று வர வேண்டும். தடுப்பூசி வர வேண்டும்.

நீதிமன்றத்தில் கூண்டில் நின்று சொன்னது சரி. அது ஒரு தடவை. அதற்குப் பிறகு செயலியில் வந்தவர்களிடம் சொன்னாள். மணியிடம் சொன்னாள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு மேசையில் சொன்னாள். ஷபானாவிடம் சொன்னாள். நடக்கவே நடக்காத ஒன்றை இத்தனை பேருக்கு விவரமாகச் சொல்லியாகிவிட்டது. இனி இந்தக் கடிதம் எந்த மேலிடத்துக்குப் போகிறதோ அங்கே உள்ளவர்கள் எல்லோரும் படிப்பார்கள். பிறகு ரிட் என்றால் இன்னும் ஒரு வழக்கறிஞர், இன்னும் ஒரு மனு, அதில் முதல் பத்தியில் அவன் பெயர். விவாகரத்தான பெண்கள் அவள் அலுவலகத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"விண்ணப்பத்தைக் குடுங்க சார்."

எழுத்தர் நீட்டினார். ஆனந்தன் கதவருகே வந்து நின்றான். "நெஜமாவா?" என்றான்.

"ம்."

"எனக்காகன்னா வாணாம் பிரபா."

"உனக்காக இல்ல. பேசிப் பேசி வாய் வலிக்குது."

மணமகளின் தற்போதைய நிலை என்பதற்கு எதிரே விவாகரத்து பெற்றவர் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் நீதிமன்ற ஆணையைப் பின்னால் வைத்துப் பின் அடித்தார். இந்தத் தடவை அதைத் திறந்து பார்க்கவில்லை. முத்திரை குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தார். "இதை முதல்லயே செஞ்சிருந்தா அலைச்சல் இருந்திருக்காதேம்மா," என்றார் ஆதரவாக.

வெளியே வசந்தா ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி காலை அந்தக் கோயிலில் ஆனந்தனுக்கும் பிரபாவுக்கும் திருமணம் நடந்தது. பதிவேட்டில் மறுமணம் என்று குறிக்கப்பட்டது.